பதினோரு மேற்படிகள்

எங்கள் ஆய்வகச் சுவரில், தீயணைக்கும் சிலிண்டருக்கு மேலே, ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. "அழுத்தம் ஏற்றிய பிறகு, அளக்கும் முன், கம்பி எதுவும் பாடியைத் தொடவில்லை என்பதை மீட்டர் வைத்துப் பார்க்கவும். ஒவ்வொரு முறையும்." கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. அதை எழுதியவன் நான். கோடு போட்டவனும் நான். லேமினேட் செய்துகொண்டு வந்து, நேராக இருக்கிறதா என்று நான்கடி தள்ளி நின்று பார்த்து ஒட்டியவனும் நான். அதன்படி நடக்காமல் விட்டவனும் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நம்பி ஏமாந்ததாகச் சொல்லக் கூடாது.

ஆய்வகத்தில் எனக்கு அழுத்தக்காரர் என்று பெயர். பொருள்களை நசுக்கி அளப்பது என் வேலை என்பதால் வைத்த பெயர் என்று பதினான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை. "உங்ககூட வேலை பாக்கறவங்க உங்களை நல்லாத்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றாள், அந்தப் பெயரை முதல்முறை கேட்டபோதே. அவள் மருத்துவமனையில் நர்ஸ். ஆளைப் பார்த்ததும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். என் விஷயத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

நசுக்குவது என்றால் சுத்தியல் கொண்டு அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக உருளை இருக்கிறது. அதை செல் என்போம், அதன் உலோக உடம்பைப் பாடி என்போம். கைப்பேசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாத துளை. துளைக்குள் எண்ணெய் நிரப்பிய சின்னக் குப்பி. குப்பிக்குள் அரிசிமணியில் பாதி அளவுக்கு ஒரு படிகம். படிகத்தின் மேல் நான்கு தங்கக் கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். மைக்ரோஸ்கோப்பின் அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெள்ளிப் பசையால் அவற்றை ஒட்டுவேன். அவற்றின் மறுமுனைகள், மேல்பூச்சுப் போட்ட செம்புக் கம்பிகளோடு சேர்ந்து செல்லுக்கு வெளியே வரும். பிறகு மூடி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, மேல்நட்டை இறுக்கிவிட்டால் உள்ளே ஏற்றிய அழுத்தம் உள்ளேயே நிற்கும். கடலின் ஆகப்பெரிய ஆழத்தில் இருப்பதைப் போல இருபது மடங்கு வரைக்கும் போவேன். அப்படியே திரவ ஹீலியத்தின் குளிருக்குள் இறக்கி, மின்தடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். நான்கு கம்பி ஒட்டும் விஷயத்தில் இந்தக் கட்டடத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. மற்ற எல்லா விஷயத்திலும் ஆள் உண்டு.

அந்தப் படிகம் ஒரு கொண்டோ குறைகடத்தி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சங்கதி எளிதுதான். அறைச் சூட்டில் அது ஒரு சுமாரான உலோகம். உள்ளே இருக்கும் சீரியம் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். சுற்றித் திரிகிற எலக்ட்ரான்கள் அந்தக் காந்தங்களில் முட்டி மோதிக்கொண்டாவது ஓடிக்கொண்டே இருக்கும். குளிர ஆரம்பித்ததும் கதை மாறும். ஓடுகிறவை ஒவ்வொன்றாகக் காந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ஓட்டமும் போகும், காந்தமும் அடங்கும். கல்யாணம் மாதிரி. மறுபடி ஓட வேண்டுமானால் ஓர் இடைவெளியைத் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கேள்வி இதுதான்: இதைப் போட்டு நசுக்கினால் அந்தக் கைப்பிடி இறுகுமா, நழுவுமா? இறுகினால் இடைவெளி அகலும், குளிரில் மின்தடை இன்னும் ஏறும், காந்தம் இன்னும் சீக்கிரமே அடங்கும். நழுவினால் இடைவெளி மூடும், பொருள் உலோகமாகிவிடும், காந்தம் மறுபடி தலைதூக்கும். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்.

படிகத்தை வளர்த்தவள் உலைக்காரி. ஆராய்ச்சி மாணவி, எந்நேரமும் உலைக்கு முன்னாலேயே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு வருடம் உருக்கி, ஆறவைத்து, உடைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மறுபடி உருக்கி, கடைசியில் தேறியவை இரண்டே இரண்டு நல்ல படிகங்கள். பெரியதை என்னிடம் கொடுத்தாள். சின்னதைப் பஞ்சில் சுற்றி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டாள். உடைந்த துணுக்குகளைக் கூட்டிச் சேர்த்துத் தன் பங்குக்குக் காந்த அளவீட்டைச் செய்தாள், அதுவும் அழுத்தத்தின் கீழேயே. அவள் கண்டது: கைப்பிடி இறுகுகிறது. அழுத்தம் கூடக் கூடக் காந்தம் முன்கூட்டியே அடங்குகிறது. அவளுடைய தீசிஸில் மூன்றாம் அத்தியாயம் அது.

நான் கண்டது: கைப்பிடி நழுவுகிறது.

ஆஹா, என்ன அழகான கிராஃப் தெரியுமா அது. அழுத்தமில்லாதபோது குளிரில் மலை மாதிரி ஏறிய மின்தடை, அழுத்தத்தை ஏற்றிய ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, பதினோராவது படியில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. குறைகடத்தி என் கையில் உலோகமாகியிருந்தது. பதினான்கு வருடத்தில் நான் அளந்தவற்றில் பாதி யாருக்கும் தேவைப்படாதவை, மீதி ஏற்கெனவே மற்றவர்கள் அளந்தவை. முதல்முறையாக ஒரு கிராஃபைப் பார்த்துப் பேராசிரியர் "அருமை" என்றார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. கருத்தரங்கு ஒன்றில் பேச அழைப்பே வந்துவிட்டது, இருபத்தைந்து நிமிடம். என் பெயரும் பேச்சின் சுருக்கமும் அச்சில் வந்திருந்த பக்கத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தேநீர்க் கோப்பையை அதன் மேல் வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பேராசிரியர் இரண்டு கிராஃப்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். அவர் கண்ணாடியை மடக்கினால் யாருக்கோ வேலை வருகிறது என்று அர்த்தம்.

"காந்த அளவீட்டுல செல்லோட சிக்னலும் சேர்ந்து வரும்மா. அதைக் கழிக்கறதுலதான் தப்பு நடந்திருக்கணும். மின்தடை அப்படியில்ல, நேரா பேசும்" என்றார் உலைக்காரியிடம்.

"நாலு தடவை கழிச்சுப் பாத்துட்டேன் சார்."

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கு. தேர்வாளர் முதல் கேள்வியே இதைத்தான் கேப்பார். மூணாவது அத்தியாயத்தை எடுத்துடு. மத்ததை வெச்சே தீசிஸ் தேறிடும். வர புதன்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிக்கலாம்."

தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் அது. அதில் எடு என்றால் எடுத்தாக வேண்டும்.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவள் என்னை நிறுத்தினாள். "அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அழுத்தம் ஏத்தின பிறகு பாடி செக் பண்ணீங்கல்ல?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்தேன். "சுவத்துல ஒட்டியிருக்கே, அது யார் எழுதினதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அதோடு விட்டேனா? "உன் கிராஃப் சரியா வரலைன்னா என் கம்பியில குத்தம் கண்டுபிடிக்கக் கூடாதும்மா" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் என் கடை விரித்திருந்தேன். கருத்தரங்குப் பேச்சுக்கு ஒரு படம் வேண்டும். கணினியில் வரைந்த கிராஃப் எல்லோரும் காட்டுவார்கள். நான் என் லாக் புக்கின் பக்கத்தையே காட்டலாம் என்று ஒரு நினைப்பு. கையால் எழுதிய பக்கம், தேதி, அழுத்தம், வெப்பநிலை, எல்லாம் கட்டம் கட்டமாக. பார்க்கிறவர்களுக்கு இந்த ஆள் எவ்வளவு ஒழுங்கானவன் என்று தோன்ற வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, கைப்பேசியால் நான்கைந்து படம் எடுத்தேன்.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இது என்ன கடைசிக் கட்டத்துல? ரெண்டு ரெண்டு கோடா போட்டிருக்கு?"

"அது மேற்படி."

"என்ன மேற்படி?"

"பாடி செக். முதல் வரியில பாரு, ஓகேன்னு எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ எல்லாம் மேற்படி, மேற்படி. ஒவ்வொண்ணுலயும் ஓகேன்னு எழுதிட்டு இருக்க முடியுமா?"

அவள் கையில் இருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எங்க வார்டுல நோயாளி சார்ட்ல மேற்படி போட்டா, சீனியர் அந்த இடத்துலயே சீட்டைக் கிழிச்சு கையில குடுத்துடுவாங்க. காலைல ஜுரம் இல்லைன்னா சாயங்காலமும் இல்லைன்னு யார் சொன்னா? ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்து, ஒவ்வொரு தடவையும் எழுதணும். கோடு போடறதுக்குத் தெர்மாமீட்டர் எதுக்கு?"

"இது செல். மனுஷன் இல்ல" என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

நர்ஸ்கள் இப்படித்தான். ஊசி போடுவதற்கு முன்னால் வலிக்காது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

"பின்ன?" என்றேன். அந்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்த தொனியே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் துண்டை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதல் வரியில் பார்த்தது நினைவிருக்கிறது. மீட்டரைக் கொண்டுவந்து, நான்கு கம்பியையும் தொட்டு, அது சத்தம் போடவில்லை என்று தலையாட்டியதுகூட நினைவிருக்கிறது. அதற்கப்புறம்? பதினோரு ஜோடிக் கோடுகள் இருந்தன. ஒரு ஜோடிக்குக்கூட அதற்குரிய மீட்டர் என் ஞாபகத்தில் இல்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து, நேராகக் குளிருக்குள் இறக்கி, நடுவில் எப்போதோ பேனாவை எடுத்து இரண்டு இழுப்பு.  அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். செல் அலமாரியில் இருந்தது, அதே பதினோராவது அழுத்தத்தோடு, நட்டை இறுக்கியபடியே. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று பேராசை பிடித்து இறக்காமல் வைத்திருந்தேன். மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் உடம்பில் வைத்தேன். மறுமுனையால் முதல் கம்பியைத் தொட்டேன்.

பீப் என்றது. கம்பி பாடியைத் தொடுகிறது.

மீட்டரை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி தொட்டேன். மறுபடியும் பீப். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து மேசை மீட்டரைக் கொண்டுவந்தேன். அதுவும் அதே பாட்டைப் பாடியது.

என்ன நடந்தது என்பது நிமிடத்தில் புரிந்துவிட்டது. இதுவே வேறொருவன் செய்திருந்தால் நானே கரும்பலகையில் வரைந்து வகுப்பெடுத்திருப்பேன். கம்பிகள் செல்லுக்குள் நுழையும் இடத்தைப் பசை ஊற்றி அடைத்திருப்போம். அழுத்தம் ஏற ஏற அந்தப் பசை விரிசல் விட்டு, கம்பியின் மேல்பூச்சு உரசிப் போய், கரண்ட் படிகத்துக்குள் போகாமல் செல்லின் உடம்பு வழியாகவே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. அறைச் சூட்டில் படிகத்தின் தடை குறைவு என்பதால் அளவீட்டில் ஒன்றும் தெரியாது. குளிரில் படிகம் வழியை அடைக்கும்போதுதான் கரண்ட் இந்தப் புழக்கடை வழியைத் தேடும். ஒவ்வொரு படிக்கும் விரிசல் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், வழி கொஞ்சம் தாராளமாகியிருக்கும். நான் உலோகமாக்கியது படிகத்தை அல்ல. ஏற்கெனவே உலோகமாக இருந்த செல்லின் தடையை அளந்துவிட்டு, அது உலோகம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குத்தான் இருபத்தைந்து நிமிடப் பேச்சு.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை சேர்க்காது. நட்டைத் திருகும் ஸ்பேனர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நட்டைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கிவிடும். விரிசல் மூடிக்கொள்ளும். கம்பி விலகிக்கொள்ளும். அப்புறம் யார் வந்து மீட்டர் வைத்தாலும் அது வாயைத் திறக்காது. லாக் புக்கில் பதினோரு மேற்படி இருக்கிறது, எல்லாம் ஓகே. உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஸ்பேனரை எடுத்தேன். எடுத்து நட்டில் மாட்டவும் செய்தேன். அந்த நேரத்தில் எனக்கு உலைக்காரியின் நினைவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த என் பெயர்தான் நினைவுக்கு வந்தது.

கதவு திறந்தது. கடைசல் பட்டறைக்காரர், பிரிண்டரில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். இந்த செல்லை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அவர்தான். "நம்ம வரைபடத்தை எடுக்கப் போனேன், இது மேல கெடந்துச்சு. உங்க ஆளுங்களுதுதானே?" என்று ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

உலைக்காரியின் தீசிஸ் உள்ளடக்கப் பக்கம். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு, அளவுகோல் வைத்து இழுத்தது. நான்காம் அத்தியாயத்தின் எண்ணை அடித்து மூன்று என்று திருத்தியிருந்தாள். ஐந்தை நான்கு என்று. பக்க எண்கள் எல்லாம் மாறுமே, அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதியிருந்தாள். நாற்பத்தொரு பக்கம் குறைகிறது. ஒரு இடத்தில்கூட மேற்படிக் கோடு இல்லை. எல்லாவற்றையும் முழுதாக எழுதியிருந்தாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான். ஸ்பேனரைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என்னை நான் நம்பவில்லை.

புதன்கிழமை கூட்டத்தில் மொத்தம் ஆறு பேர். உலைக்காரி இரண்டு அத்தியாயம் பேசிவிட்டு, "மூணாவதுல..." என்று நிறுத்தினாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மடக்குவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அப்படிச் சத்தத்தோடுதான் ஆரம்பித்தேன்.

கைப்பையிலிருந்து செல்லை எடுத்து மேசையில் வைத்தேன். மீட்டரை எடுத்தேன்.  கம்பியைத் தொட்டேன். பீப். அடுத்தது. பீப். மூன்றாவது, நான்காவது. ஆறு பேர் இருந்த அறையில் அந்தச் சத்தம் எத்தனை பெரிதாகக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"என்னப்பா இது?" என்றார் பேராசிரியர்.

"பாடி ஷார்ட், சார். நான் அளந்தது செல்லை. படிகத்தை இல்ல."

"எப்பலேர்ந்து?"

"தெரியாது சார். முதல் தடவை மட்டும்தான் பாத்தேன். அப்புறம் பதினோரு தடவை பாக்காமலே மேற்படி போட்டிருக்கேன்."

யாரோ ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். உலைக்காரியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவர் நிதானமாகக் கேட்டார்: "சரி, உன்னுது தப்பு. அதனால அவளோடது சரின்னு ஆயிடுமா?"

நியாயமான கேள்வி.  ஒருவன் தேர்வில் தோற்றதால் இன்னொருவன் தேறிவிட மாட்டான். மின்தடையை ஒழுங்காக அளந்து, அவளுடைய காந்த அளவீட்டோடு ஒத்துப்போனால்தான் மூன்றாம் அத்தியாயம் நிற்கும். மூன்று வாரம் தள்ளிக் கொடுத்தார். "பேச்சை வாபஸ் வாங்கறதா கருத்தரங்குக்கு நீயே எழுதிடு" என்றார் என்னிடம். அன்று மதியமே எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே சுருக்கமான, பிழையில்லாத கடிதம் அதுதான். மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பக்கத்தை உருவினேன். அடியில் தூசி படியாத ஒரு செவ்வகம் மிச்சமிருந்தது.

செல்லை உலைக்காரியின் முன்னால்தான் திறந்தேன். அழுத்தத்தை இறக்கி, குப்பியை வெளியே எடுத்து, எண்ணெயை ஒற்றியெடுத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தோம். நான்கு கம்பியிலும் மேல்பூச்சு உரசிப்போய் செம்பு பளபளத்தது. அதைவிடக் கொடுமை, படிகம். இரண்டு வருடப் படிகம் நான்கு துண்டாகிக் கிடந்தது. முதலில் அவளைப் பார்க்கவிட்டேன். அவள் நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

"மன்னிச்சுடும்மா" என்றேன். "படிகத்துக்கு மட்டுமில்ல. அன்னிக்கு வராந்தாவுல சொன்னதுக்கும்."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது, மறைக்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி முழுக்க நான்தான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்னு ஒவ்வொரு நம்பரா மறுபடி போட்டுப் பாத்தேன் அண்ணா. நீங்க அவ்வளவு நிச்சயமா சொன்னீங்க."

 நிச்சயமாகப் பேசுவதற்கு எனக்கு எந்தக் காலத்திலும் ஆதாரம் தேவைப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு மாத்திரை டப்பா இருந்தது. திறந்தால் பஞ்சு, பஞ்சுக்குள் சின்னப் படிகம். கடைசிப் படிகம். அதைத் தூக்கிக்கொண்டு உலை இருந்த அறைக்கு ஓடினேன். "இதை எதுக்கும்மா என்கிட்ட குடுக்கற? வேற எங்கேயாவது குடுத்து அளக்கச் சொல்லு. நான் தொடக் கூடாது."

"இவ்வளவு சின்னதுல நாலு கம்பி ஒட்ட வேற யாருக்குக் கை வரும்?" என்றாள், உலையின் வெப்பக் காட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா பாடி செக் நான் பண்ணுவேன். நீங்க பக்கத்துல நிக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்து போடணும்."

அப்படியே செய்தோம். கம்பி ஒட்ட எனக்கு மூன்று நாள் ஆனது. கை நடுங்கவில்லை, அது ஒன்றுதான் என்னோடு ஒத்துழைத்தது. படிகள் பதினொன்று வேண்டாம், நான்கு போதும் என்று முடிவு செய்தோம். ஒவ்வொன்றுக்கும் குளிரில் இறக்கும் முன் ஒரு செக், வெளியே எடுத்த பின் ஒரு செக். அவள் மீட்டர் வைப்பாள், பீப் வராது. நான் முழுதாக எழுதுவேன்: "நான்கு கம்பியும் பார்த்தோம். பாடியைத் தொடவில்லை." இரண்டாவது படியில் எழுதும்போது என் கை தானாகவே மேலே இருந்த வரியைப் பார்த்து இரண்டு கோடு இழுக்கப் போனது. நிஜமாகவே பேனா தாளைத் தொட்டுவிட்டது. அவள் தொண்டையைக் கனைத்தாள். அந்தப் புள்ளி இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

கடைசிப் படி, அதிகபட்ச அழுத்தம். வெப்பநிலை இறங்க இறங்க மின்தடை ஏறியது. போன முறை தரையில் படுத்த அதே இடத்தில், இந்த முறை ஏறிக்கொண்டே போனது. கைப்பிடி நழுவவில்லை, இறுகியிருந்தது. இடைவெளி அகன்றிருந்தது. அவள் தன் காந்த அளவீட்டின் எண்களைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னன. நான் சொன்னது தப்பு என்று இத்தனை தெளிவாக ஒரு கருவி இதுவரை நிரூபித்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். இருந்தது. அவள் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கருத்தரங்கின் புத்தகத்தில் என் பழைய சுருக்கம் அச்சாகிவிட்டது. பேச்சை ரத்து செய்யலாம், அச்சை அழிக்க முடியாது. தேர்வாளர் அதை எடுத்து நீட்டி, "உங்க ஆய்வகமே இதுக்கு நேர்மாறா சொல்லியிருக்கே?" என்று கேட்டால் அவள்தான் திணற வேண்டும். பழையது ஏன் தப்பு என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் வேண்டும். அப்படிப்பட்ட ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. லாக் புக்கைப் பிரித்து, அந்தப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"பின்னிணைப்புல இதைப் போடு. பக்கத்துல புதுப் பக்கத்தையும் போடு. வேற விளக்கமே வேணாம்."

"வேணாம் அண்ணா. உங்க கையெழுத்துன்னு எல்லாருக்கும் தெரியும். நான் 'அளவீட்டுப் பிழை'ன்னு ஒரு வரி எழுதிக்கறேன்."

"ஒரு வரியில எழுதினா அதுவும் மேற்படிதான்" என்றேன். "போடும்மா."

போட்டாள். வாய்மொழித் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அவள் பின்னிணைப்பைத் திறந்து காட்டினாள். தேர்வாளர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் விசாரித்தார், ஆசையோடு. பட்டம் கிடைத்துவிட்டது.

பைண்டு செய்த தீசிஸ் பிரதி ஒன்றை எனக்குக் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன், அதே இடத்தில். மனைவி பணி முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, புரட்டினாள். கிராஃப், சமன்பாடு, கிராஃப் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய்ப் பின்னிணைப்பில் நின்றாள். ஓகே ஒன்று. மேற்படி பதினொன்று. எல்லாம் அச்சில், பளபளக்கும் தாளில். பதினான்கு வருட ஆராய்ச்சியில் என் கையெழுத்து முதல்முறையாகப் பிரசுரமாகியிருந்தது.

அவள் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதை நீங்களேதான் போடச் சொன்னீங்களா?"

"ஆமா."

அவள் விரலால் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள். பதினோராவதில் நிறுத்தினாள்.

"பாக்காம போட்ட கோடா இருந்தாலும், என்ன நேரா போட்டிருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு, என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று நாளாக எனக்கு லேசாக ஜுரம். காலையில் இல்லை என்று சொல்லியிருந்தேன்.